மிஞ்சிய கூழாங்கல்

மந்தப்பள்ளி ஸ்டேஷனில் இருக்கும் பழைய சின்னங்களுக்கெல்லாம் பலகை வைக்கப் போகிறார்களாம். போன மாதம் ஒரு இளம் இன்ஜினியர் திருப்பதியில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் போட்டோக்கள். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த தூண், வேகனில் மாடு ஏற்றின கல் மேடை, மாடுகள் தண்ணீர் குடித்த கருங்கல் தொட்டி, எல்லாவற்றையும் சரியாகத்தான் பிடித்திருந்தார். கடைசிப் படத்தைக் காட்டி, இது பிரிட்டிஷ்காரன் நட்ட சர்வே கல்தானே என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எதைக் கண்டாலும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிடுவது நமக்கு ஒரு வியாதி. அது மந்தைக்கல் தம்பி, அவனுக்கெல்லாம் தாத்தா என்றேன்.

பலகைக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார். ரொம்ப நேரம் யோசித்து ஒரே ஒரு பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், ஆனால் இது யார், ராணியா என்று கேட்டார். ராணி இல்லை. யார் என்று சொல்ல இரண்டு வரி போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாராயணவனத்துக்காரன். நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினவர். எங்கள் காலனியில் முதன்முதலில் சர்க்கார் சம்பளம் வாங்கினவன் என் மகன்தான் என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்; எவ்வளவு சம்பளம் என்று மட்டும் சொல்லமாட்டார், சொன்னால் சிரிப்பார்கள். பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவில் இருந்த மீட்டர் கேஜ் லைனில், கேங்க் ஆளாகச் சேர்ந்தேன். ஜல்லி கிளறி, கட்டை மாற்றி, முதுகு ஒடிந்த பிறகு கீமேன் ஆக்கினார்கள்.

கீமேன் என்றால், தினமும் காலையில் தனியாளாக லைனில் நடப்பவன். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் சாவிகள் தளர்ந்திருந்தால் சுத்தியால் அடித்து இறுக்குவான். எங்கேயாவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பான். தோளில் சுத்தி, பையில் இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, கொஞ்சம் பட்டாசு. தீபாவளிப் பட்டாசு இல்லை. தண்டவாளத்தின் மேல் கட்டி வைத்தால், சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை நிறுத்தச் சொல்லும் தகர வில்லை.

எங்கள் லைனுக்குப் பொறுப்பு வரதராஜுலு சார். பி.டபிள்யூ.ஐ., அதாவது தண்டவாள இன்ஸ்பெக்டர், என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு ராஜா. ஆனால் இந்த ராஜா ஒல்லியாக, வெள்ளை கேன்வாஸ் ஷூவும் கறுப்புக் குடையுமாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பார். திட்டமாட்டார். அதுதான் கஷ்டம். திட்டுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம், தலையைக் குனிந்துகொண்டால் மழை ஓய்ந்துவிடும். இவர் கூடவே நடந்து வருவார், ஒன்றும் பேசமாட்டார். திடீரென்று நின்று, குடையின் நுனியால் நடந்து வந்த பக்கத்தைக் காட்டி, "முனிரத்னம், ஏமி லேது?" என்பார்.

என்ன இல்லை என்று அர்த்தம். மற்ற அதிகாரிகள் என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். இருப்பதைச் சொல்லித் தப்பிக்கலாம். இல்லாததை எப்படிச் சொல்வது? முதலில் எனக்கு இந்த ஆளுக்குக் கிறுக்கு என்றுதான் தோன்றியது. ஒருமுறை அவரே சொன்னார்: அதோ அந்தக் கரையில் கரையான் புற்று ஒன்று இருந்தது, இன்று காணோம். புற்று நடந்தா போகும்? போய்ப் பார்த்தோம். மழைத் தண்ணீர் அடியில் அரித்து, புற்றோடு கரையே உள்வாங்கியிருந்தது. இன்னும் ஒரு மழை பெய்திருந்தால் லைன் அந்தரத்தில் தொங்கியிருக்கும். அன்றிலிருந்து நானும் இல்லாததைத் தேட ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, என் பெண்டாட்டி சாம்பாரில் என்ன போடவில்லை என்று சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

மந்தப்பள்ளி மாட்டுக்குப் பேர்போன ஊர். ஒரு காலத்தில் அங்கிருந்து வேகன் வேகனாக மெட்ராஸுக்கும் கேரளாவுக்கும் மாடு போகும். ஊருக்கும் லைனுக்கும் நடுவில், மாடுகள் லைனைத் தாண்டுகிற பாதையின் ஓரத்தில் அந்த மந்தைக்கல் நின்றது. ஓர் ஆள் உயரம். முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும், என்ன எழுத்து என்று யாருக்கும் தெரியாது. லைன் அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து போகும். கல்லை எடுக்க வந்த வெள்ளைக்காரன் ரத்தம் கக்கினான், அதனால் லைனையே வளைத்துப் போட்டார்கள் என்பது ஊர்க்கதை. ஏரிக்கரைக்காக வளைத்தது, கல்லுக்காக இல்லை என்பார் சார். ஆனால் கல்லைக் கடக்கும்போது மட்டும் குடையை மடக்கிக்கொள்வார்.

மாடுகளுக்குக் கோமாரி வந்தால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கட்டு என்பார்கள். கட்டு என்றைக்கோ, அன்று விடியுமுன் வீட்டுக்கு ஒரு பெண் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து மந்தைக்கல்லின் அடியில் வைப்பாள். பிறகு எல்லையில் வேப்பிலைக் கயிறு கட்டுவார்கள். கல்லின் தலையில் தண்ணீர் ஊற்றி, வழிந்த தண்ணீரை மந்தை முழுக்கத் தெளித்து ஓட்டிக்கொண்டு போகிறவரைக்கும் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது, வெளியிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, கயிற்றைத் தாண்டக்கூடாது. எல்லாம் முடிந்ததும் அவரவர் கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நடுவில் எவராவது எல்லையைத் தாண்டினால், தன் கல்லை எடுக்காமல் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் நோய் அவர் பின்னாலேயே உள்ளே வந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பக்கத்தில் திறந்தது ஊரைவிட்டுப் போகிற கதவுதான். வாலிபப் பையன்கள் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போனார்கள், பெண்கள் குவைத்துக்குக்கூடப் போனார்கள். மாடு லாரியில் போக ஆரம்பித்தது. மீட்டர் கேஜைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போடப் போவதாகச் சொல்லி, ஜல்லி வண்டிகள், அதாவது ஜல்லி ஏற்றின ரயில்கள், வந்து லைன் ஓரமெல்லாம் கொட்டிவிட்டுப் போகும். எங்கெங்கோ இருந்து வந்த கூலிகள் அந்த ஜல்லி மேலேயே உட்கார்ந்துகொண்டு போவார்கள்.

மார்கழிக் கடைசி. பனி என்றால் அப்படி ஒரு பனி, நீட்டின கை தெரியவில்லை. மந்தப்பள்ளியை நெருங்கும்போதே எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. நின்றேன். ஏமி லேது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நாய் குரைக்கவில்லை. அந்த நேரத்துக்கு ஊர்ப்பக்கமிருந்து வருகிற அடுப்புப் புகை வாசனை இல்லை. சேவல் ஒன்று கூவித் தொலைத்தால் போதும் என்றிருந்தது, அதுவும் இல்லை. கோழிகளைக்கூடக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார்களோ என்னவோ.

அந்த வளைவில்தான் பார்த்தேன். வெளிப்பக்கத் தண்டவாளம் குளிரில் சுருங்கி உடைந்து, உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஏரி மதகு. வளைவில் வருகிற வண்டி அந்த வாயில் சக்கரத்தை விட்டால் ஏரிக்குள்தான்.

இந்த மாதிரி உடைந்தால் செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கமிருந்து வண்டி முதலில் வருமோ அந்தப் பக்கம் ஓடி, தூரத்தில் பட்டாசு கட்டிக் கொடியோடு நிற்க வேண்டும். பாகாலா பக்கமிருந்து பாசஞ்சர் வருகிற நேரம். ஆனால் ஒற்றை லைன். பாசஞ்சர் தாமதமானால் ஸ்டேஷனில் அதை நிறுத்திவைத்துவிட்டு, சித்தூர் பக்கமிருந்து ஜல்லி வண்டியை முதலில் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். நான் ஒருவன். அந்தப் பனியில் உடைந்த இடத்தில் கொடி நட்டு வைத்தாலும் டிரைவர் கண்ணுக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஊரில் யாரையாவது கூப்பிடலாம் என்று மந்தைக்கல்லை நோக்கி ஓடினேன். அங்கே பனிக்குள் ஊரே நின்றது. வேப்பிலைக் கயிற்றுக்கு உள்ளே வரிசையாகப் பெண்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆண்கள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மாடுகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தனை மாடு, ஒரு மணிச் சத்தம் இல்லை. மணிக்குள் வைக்கோல் அடைத்திருந்தார்கள். குளம்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். மாடுகளின் வாயிலிருந்து நுரை வழிந்துகொண்டிருந்தது.

கத்தினேன். தண்டவாளம் உடைஞ்சி போச்சி, வண்டி வரப்போவுது, யாராச்சும் ஒருத்தர் சித்தூர் பக்கம் ஓடுங்க என்று தமிழில் கத்தினேன், தெலுங்கில் கத்தினேன். ஒரு முதுகும் திரும்பவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு மூடியிருந்தது. ஒரு கிழவிக்கு மட்டும் தோள் நடுங்கியது, அவளும் திரும்பவில்லை. செத்தவர்களிடம் பேசுகிறோமா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது.

நேரம் இல்லை. ஒரு சிவப்புக் கொடியை மந்தைக்கல்லின் பக்கத்தில் மண்ணில் குத்தினேன். எவனாவது மனுஷன் இருந்தா இத்த எடுத்துக்கினு சித்தூர் பக்கம் ஓடுங்க என்று கடைசியாகக் கத்திவிட்டு, இன்னொரு கொடியோடு பாகாலா பக்கம் ஓடினேன். பட்டாசைக் கட்டினேன். நின்றேன். பாசஞ்சர் வரவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வரவில்லை. அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால், ரொம்ப தூரத்தில், சித்தூர் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஜல்லி வண்டி. நான் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி ஓடினேன். அவ்வளவு தூரம் ஓடிப் பிடிக்க முடியாது என்று தெரியும், இருந்தும் ஓடினேன். நாராயணவனத்துப் பெருமாளை அன்றைக்குத் திட்டின மாதிரி என்றைக்கும் திட்டியதில்லை. ஹாரன் நீளமாக அலறியது, பிறகு இரும்பு தேய்கிற சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. மந்தைக்கல்லைத் தாண்டும்போது பார்த்தேன், என் கொடியைக் காணோம்.

வண்டி வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றிருந்தது. ஜல்லி மேல் உட்கார்ந்திருந்த கூலிகள் ஒன்றும் புரியாமல் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இறங்கி நின்றிருந்தார், முகம் வெளுத்திருந்தது. ஒரு பொம்பளை, வாயில் துணி கட்டியிருந்தாள், லைன் நடுவில் நின்று சிவப்புத் துணியை ஆட்டினாள், பின்னால் ஒரு பசுமாடு நின்றது என்றார். வண்டி நின்றதும் இறங்கிப் பார்த்தால் மாடும் இல்லை, மனுஷியும் இல்லை. என் கொடி மட்டும் கட்டையின் மேல் மடித்து வைத்திருந்தது. தண்டவாளத்தில் ஓர் இடத்தில் கை வைத்தேன். பிசுபிசுவென்று நுரை, கோமாரி மாட்டின் எச்சில்.

மறுநாள் வரதராஜுலு சார் வந்தார். கொடி காட்டினவளுக்கு மேலதிகாரிகள் பரிசு கொடுக்க ஆசைப்பட்டார்கள், பெயர் வேண்டும். மந்தப்பள்ளியின் பெரியவர் நாகப்பர், மந்தைக்குத் தலைவர், எங்களைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று வரவேற்றார். அவர் முகத்தில் ஒரு பயம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து யாரும் தாண்டவில்லை என்று அடித்துச் சொன்னார். எல்லாப் பெண்களும் இருந்தார்கள், எல்லா மாடும் இருந்தது, எல்லா வீட்டுக் கல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஆனா சார், ஒரு கல்லு மிஞ்சிப் போச்சி," என்றார் மெதுவாக. "எந்த வூட்டுதும் இல்ல. நாங்க எண்ணிப் பாத்துட்டோம்."

காட்டினார். மந்தைக்கல்லின் அடியில், கோழிமுட்டை அளவில் ஒரே ஒரு கூழாங்கல். அதற்குள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஊர்க்கட்டுக்கு அம்மனே ஒரு கல் வைத்து எங்களோடு நின்றாள், அவளே போய் வண்டியை நிறுத்தினாள் என்றார் நாகப்பர். டிரைவர் சொன்ன வாய்கட்டின பெண்ணும், ஓசையில்லாத பசுவும் என் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

சார் கரைமேல் ஏறி நின்று, விடிந்து வெளுத்திருந்த ஊரைச் சுற்றிப் பார்த்தார். ஊருக்குள் எல்லாக் கூரையிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. பனந்தோப்புப் பக்கம் காலனி, அங்கேயும் புகை. குடையின் நுனியால் அந்தப் பக்கம் காட்டி என்னிடம், "ஏமி லேது?" என்றார். பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை சார் என்றேன். அவர் இன்னொரு முறை காலனியைப் பார்த்துவிட்டு, சரி போகலாம் என்று இறங்கிவிட்டார். பரிசுப் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு அந்தக் கல்லை நான் தினமும் கடந்தேன். மழை பெய்தது, ஆற்றில் வெள்ளம் வந்தது, அந்தக் கூழாங்கல் மட்டும் நகரவில்லை. நகரவிடவில்லை என்று சொல்ல வேண்டும்; தை மாதத்தில் பொங்கல் வைத்து, வருஷா வருஷம் குங்குமத்தைப் பூசிப் பூசி அதைச் சிவப்பு உருண்டையாக்கிவிட்டார்கள். கேங்க் ஆட்கள் அந்த இடத்தில் சோறு துன்ன உட்காரமாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர்களைக் கேலி செய்வேன். ஆனால் பனிக்காலத்தில் தனியாக வரும்போது என் பின்னால் குளம்புச் சத்தம் கேட்கும். திரும்பினால் ஒன்றும் இருக்காது. சுத்தியை ஓங்கி ஓங்கித் தண்டவாளத்தில் அடித்துக்கொண்டே நடையை எட்டிப் போடுவேன்.

வருஷங்கள் போயின. வரதராஜுலு சார் ரிட்டயர் ஆகி அனந்தப்பூர் போய்விட்டார். நான் மேஸ்திரி ஆனேன். ஒருவழியாக அகலப் பாதை வேலை ஆரம்பித்தது. புதுக் கரை அகலமாக வருகிறது, மந்தைக்கல்லைப் பெயர்த்து ஸ்டேஷன் பக்கம் நட வேண்டும் என்று உத்தரவு. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மந்தை என்று ஒன்றே இல்லை, ஆளுக்கு இரண்டு ஜெர்சி மாடு கொட்டிலில் நின்றது. இருந்தும் கல்லை எடுக்கிற அன்று நாகப்பரும் சில பெரியவர்களும் பூசை போட வந்தார்கள். நாகப்பருக்கு முதுகு வளைந்துவிட்டது. அந்தச் சின்னக் கல்லையும் வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுபோய் அங்கேயே வைப்பதாக ஏற்பாடு.

சூடம் ஏற்றப்போன நேரத்தில் ஒரு அம்மா வந்தாள். நரைத்த தலை, கையில் ஒரு பிரயாணப் பை. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்கிறவள் என்று பிறகு சொன்னாள். நேராக வந்து, பெரியவர்களைத் தாண்டி, மந்தைக்கல்லின் அடியில் குனிந்தாள்.

நாகப்பர் பதறிப்போய் யார் நீ, அம்மனைத் தொடாதே என்றார்.

"இது அம்மன் இல்ல. எங்கல்லு," என்றாள். "நான் காலனி கன்னியம்மா. நீங்க கல்லு வெச்ச அன்னிக்கி இருட்டுல வந்து நானும் ஒண்ணு வெச்சேன். எம்மாட்டுக்கும் கோமாரி வந்துச்சி. எங்க மாட்டத்தான் நீங்க மந்தையில சேக்க மாட்டீங்களே."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. எல்லா வீட்டுக் கல்லையும் எண்ணினார்கள். காலனியை அவர்கள் வீடு என்று எண்ணவில்லை. ஒரு கல் மிஞ்சியது, ஒரு ஆளும் குறையவில்லை. சார் கரைமேல் நின்று குடையை நீட்டினாரே, காலனியில் ஒரு கூரையில் மட்டும் புகை இருந்திருக்காது. நான் காலனிக்காரன், நாராயணவனத்துக் காலனியில் பிறந்தவன், என் கண்ணுக்கே அது படவில்லை. சாமியை நம்பினேன், பேயை நம்பினேன், பனந்தோப்பில் ஒரு மனுஷி இருந்திருப்பாள் என்று மட்டும் தோன்றவில்லை.

அம்மா, என்னைத் தெரியுதா, கொடியைக் குத்தினவன் நான்தான் என்றேன். என் முகத்தை அவள் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"நீதானா? இன்னா கத்து கத்தின நைனா," என்று சிரித்தாள். "நான் அந்தாண்ட தொட்டிகிட்ட மாட்டப் புடிச்சிக்கினு நின்னேன். மந்தை போனப்புறம் மிச்சத் தண்ணிய எடுத்துத் தெளிக்கலாம்னு. யாராச்சும் போவாங்கன்னு பாத்தேன். யாரும் போவல. ஜல்லி வண்டிமேல ஆளுங்க குந்திக்கினு வருவாங்க, எனுக்குத் தெரியும். எம்புருசனும் அப்ப மெட்ராஸ்ல எங்கியோ லாரிமேல அப்படித்தான் குந்திக்கினு போயினு இருந்தான்."

ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டேன்.

"கல்லு வெச்சவ தாண்டிட்டேன். கல்ல எடுக்காம உள்ள வந்தா, காலனிப் புள்ளைங்களுக்கும் மாட்டுக்கும் நோவு வந்துடுமே. சாயந்தரம் எடுக்கலாம்னு வந்தேன். அதுக்குள்ள மஞ்சா பூசி சூடம் கொளுத்தினு இருந்தாங்க. சாமின்னு சொல்லிட்டாங்க. சாமிய நான் எப்படி எடுக்கறது? அப்படியே மாட்ட ஓட்டிக்கினு புருசன்கிட்ட போயிட்டேன்." மாடு என்ன ஆனது என்று கேட்டதற்கு, வழியிலேயே செத்துவிட்டது என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. கல்லைப் பெயர்க்கப் போகிறார்கள் என்று சொந்தக்காரன் ஒருவன் சொன்னானாம். எங்கேயாவது வண்டியில் அள்ளிக் கொட்டிவிட்டால் பிறகு செத்தாலும் ஊருக்குள் வர முடியாது என்று, ராத்திரியே பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷம் அவள் அந்த வழக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளை எண்ணாத ஊரின் வழக்கத்தை.

நாகப்பர் அந்தக் கூழாங்கல்லையே பார்த்தார். அவர் வருஷா வருஷம் விழுந்து கும்பிட்ட கல். மற்றப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினார். பிறகு இன்னொருவர். கடைசியில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். பனி இல்லை, பளீரென்ற வெயில், ஆனால் அதே முதுகுகள். இந்த முறை நான் கத்தவில்லை. கிரேன்காரனிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

கன்னியம்மா கூழாங்கல்லை எடுத்தாள். இத்தனை வருஷம் அழுந்தி அழுந்தி அதன் அடியில் மண்ணில் ஒரு குழி விழுந்திருந்தது. முந்தானையால் குங்குமத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். உள்ளே சாதாரணச் சாம்பல் நிறக் கல். மடியில் முடிந்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, பெரியவர்களுக்கு நடுவே புகுந்து ஊர்ப்பாதையில் இறங்கினாள்.

நாகப்பர் திரும்பாமலே கேட்டார்.

"எங்கம்மா போற?"

"வூட்டுக்கு," என்றாள்.

பனந்தோப்பில் அவள் வீடு இருந்த இடத்தில் வேலிகாத்தான் மண்டிக் கிடப்பது எனக்குத் தெரியும். அவள் பையை வாங்கிக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன்.